நான்கு பேர் விருந்துக்கு வான்கோழி: வாசகர் கேள்வி – பதில்

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் நன்றி நவிலல் நாள். அதையொட்டி இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வான்கோழியைப் பற்றியே இருந்ததால், இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களில் பலர் இரண்டு பேர் முதல் ஆறு பேர் வரை மட்டுமே உள்ள வீடுகளைச் சேர்ந்தவர்கள். இருபது பேர் கூடும் விருந்துக்கென எழுதப்பட்ட செய்முறைகள்தாம் எங்கும் கிடைக்கின்றன. அவற்றைத் தங்கள் சிறிய மேசைக்கு எப்படிக் குறைத்துக்கொள்வது என்பதே அவர்களுடைய கவலை. அவர்களை மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: வீட்டில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும்தான். பள்ளியில் எல்லாரும் பேசிக்கொள்வதால் இந்த ஆண்டு வான்கோழி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கடையில் பார்த்தால் 16 பவுண்டு, 20 பவுண்டு என்று மலைபோல் கிடக்கிறது. நாங்கள் எதை வாங்குவது?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

முழுப் பறவையாக வாங்கினால் எலும்பையும் சேர்த்து ஆளுக்கு ஒரு பவுண்டு என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் கணக்கு. மறுநாளைக்கும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நினைத்தால் ஒன்றரைப் பவுண்டு வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் உங்கள் நால்வருக்கு ஆறு பவுண்டு போதும். ஆனால் ஆறு பவுண்டில் முழு வான்கோழி சாதாரணமாகக் கடைக்கு வருவதில்லை. எட்டிலிருந்து பத்துப் பவுண்டு வரை உள்ள பெட்டைதான் தேடினால் கிடைக்கக்கூடிய சிறிய பறவை.

எனவே முழுப் பறவை வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. எலும்போடு கூடிய நெஞ்சுப் பகுதி ஐந்து அல்லது ஆறு பவுண்டில் தனியாகக் கிடைக்கும். பிள்ளைகள் கால் துண்டு கேட்பார்கள் என்றால் இரண்டு கால்களையோ இரண்டு தொடைகளையோ தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி வாங்குவது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. வான்கோழியின் நெஞ்சுக்கறியும் கால்கறியும் இயல்பில் வேறு வேறானவை. அதிகம் பறக்காத இந்தப் பறவையின் நெஞ்சுத் தசை கொழுப்புக் குறைவானது, வெளுத்தது, சூடு சற்றுக் கூடினாலும் வறண்டுவிடுவது. நாள் முழுவதும் நடந்து திரியும் கால்களின் தசையோ சிவந்தது, இணைப்புத் திசு நிறைந்தது. நெஞ்சைவிடக் கூடுதலாக வெந்தால்தான் அந்தத் திசு கரைந்து கறி மெத்தென்று ஆகும். முழுப் பறவையை ஒரே ஓவனில் ஒரே நேரம் வைக்கும்போது இந்த இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொன்றையும் அதனதன் பக்குவத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

முழுப் பறவையை மேசைக்கு நடுவே வைத்துப் பார்க்கும் மகிழ்ச்சிதான் முக்கியம் என்று உங்கள் வீட்டில் நினைத்தால், எட்டுப் பவுண்டுப் பெட்டைக்குக் கடையில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சிறிய பறவைக்கான தேவை இன்று புதிதாக வந்தது அல்ல. அடுக்குமாடி வீடுகளின் சிறிய ஓவனுக்கும் சிறிய குடும்பத்துக்கும் ஏற்ற பறவை வேண்டும் என்பதற்காகவே, மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில்லில் உள்ள அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வு நிலையத்தில் 1930களில் ஒரு தனி இனத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். ‘பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை’ என்ற அந்த இனம் 1950களில் அமெரிக்கச் சந்தையில் நன்றாக விற்றது. பிறகு, பெரிய இனத்தையே இளம் வயதில் அறுத்துச் சிறிய பறவையாக விற்பது பண்ணையாளர்களுக்கு லாபமாகப் பட்டதால் இது பின்னுக்குப் போயிற்று. இன்று உங்கள் கடையில் கிடைக்கும் எட்டுப் பவுண்டுப் பறவையும் பெரும்பாலும் அந்தப் பெரிய இனத்தின் இளம் பெட்டைதான்.

வாங்கும்போது உறையில் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்காமல் வராதீர்கள். உறைந்த வான்கோழிகளில் பலவற்றுக்குள் உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றியிருப்பார்கள். அது எத்தனை சதவீதம் என்பதும் உறையிலேயே இருக்கும். ‘கோஷர்’ (யூதர்களின் உணவு முறைப்படி தயாரித்தது) என்று போட்ட பறவைகளும் ஏற்கெனவே உப்பிடப்பட்டவையே. இது ஏன் முக்கியம் என்பதை மசாலா பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: பத்துப் பவுண்டுப் பறவை வாங்கி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். முந்தின இரவு வெளியே எடுத்துச் சமையல் மேடையில் வைத்தால் காலைக்குள் ஐஸ் விட்டுவிடாதா? என் மாமியார் இறைச்சியை எப்போதும் அப்படித்தான் எடுத்து வைப்பார்.
– வாசகி, பிளேனோ, டெக்சஸ்

அரைக் கிலோ கோழித் துண்டுகள் மேடையில் சிறிது நேரத்தில் இளகிவிடும். பத்துப் பவுண்டுப் பறவை அப்படி அல்ல. உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்புறம் அறையின் சூட்டுக்கு வந்துவிடும். 40 பாரன்ஹீட்டுக்கும் 140 பாரன்ஹீட்டுக்கும் இடைப்பட்ட சூட்டில் நோய்க் கிருமிகள் மிக வேகமாகப் பெருகும் என்பதால், இரவு முழுவதும் அந்த நிலையில் வைத்திருப்பது ஆபத்தானது. மாமியாரிடம் இந்தக் காரணத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். அளவு மாறும்போது முறையும் மாற வேண்டும் என்பதை அவர் உடனே ஏற்றுக்கொள்வார்.

பாதுகாப்பான வழி ஃப்ரிட்ஜ்தான். நான்கு அல்லது ஐந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பறவைக்கு இரண்டரை நாள் ஆகும். வியாழக்கிழமை விருந்துக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையே எடுத்து, உறையைப் பிரிக்காமல், ஆழமான ஒரு தட்டில் வைத்து, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் கசியும் நீர் கீழே உள்ள கீரையிலும் தயிரிலும் சொட்டும். ஐஸ் விட்டபின் மேலும் ஓரிரு நாள் ஃப்ரிட்ஜில் இருக்கலாம் என்பதால் முன்கூட்டி எடுத்துவிட்டோமோ என்று பயப்பட வேண்டியதில்லை. சொல்லப்போனால் அந்த உபரி நாள் உப்புத் தடவுவதற்குத் தேவைப்படும்.

நேரம் தவறிவிட்டால், நீர் புகாத உறையோடு பறவையைக் குளிர்ந்த நீரில் முழுவதும் மூழ்கவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிக்கொண்டிருங்கள். பவுண்டுக்கு அரை மணி வீதம் பத்துப் பவுண்டுக்கு ஐந்து மணி நேரம். வெந்நீர் கூடவே கூடாது. இந்த முறையில் ஐஸ் விட்ட பறவையை உடனே சமைத்துவிட வேண்டும்.

கேள்வி: எல்லா இறைச்சியையும் மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசித்தான் எங்களுக்குப் பழக்கம். வான்கோழியைக் கழுவக் கூடாது என்று என் அலுவலகத் தோழி சொல்கிறார். கழுவாமல் எப்படிச் சாப்பிடுவது?
– வாசகி, ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

உங்கள் தோழி சொல்வது சரி. ஆனால் உங்கள் தயக்கத்தையும் நான் மதிக்கிறேன், ஏனென்றால் அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஊரில் கண்ணெதிரே அறுத்துக் கொடுக்கும் கோழியில் இரத்தமும் இறகின் மிச்சமும் எலும்புத் துகளும் ஒட்டியிருக்கும்; அதைக் கழுவாமல் எந்த வீட்டிலும் அடுப்பில் ஏற்ற முடியாது. இங்கே உறைக்குள் வரும் பறவை தொழிற்கூடத்திலேயே கழுவிக் குளிரூட்டப்பட்டுத்தான் வருகிறது. அதில் மிஞ்சியிருக்கக்கூடிய சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் தண்ணீரில் அலசினால் போகமாட்டா. மாறாக, குழாய் நீர் தெறிக்கும் இடமெல்லாம், தொட்டி, மேடை, பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் என்று எல்லாவற்றிலும் பரவும். அவற்றைக் கொல்வது சூடு மட்டுமே.

கழுவுவதற்குப் பதிலாகக் காகிதத் துண்டால் உள்ளும் புறமும் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் போனால் தோல் மொறுமொறுப்பாகவும் வரும். மஞ்சளை விட வேண்டாம். ஒற்றி எடுத்தபின் உப்போடு சேர்த்துத் தடவினால் உங்களுக்கு வேண்டிய நிறமும் மணமும் வந்துவிடும். முழுப் பறவையானால் வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கத்திலும் கை விட்டுப் பாருங்கள். கழுத்தும் ஈரலும் இரைப்பையும் ஒரு சிறு பொட்டலமாக உள்ளே இருக்கும். முதல் முறை சமைப்பவர்கள் பலர் அதை எடுக்க மறந்து அப்படியே ஓவனில் வைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: நண்பர்கள் வீட்டில் சாப்பிட்ட வான்கோழி உப்பும் இல்லாமல் உறைப்பும் இல்லாமல் இருந்தது. நம் மசாலாவைத் தடவி ஒருநாள் ஊறவைத்தால் உள்ளே இறங்குமா? தயிரில் ஊறவைக்கலாமா?
– வாசகர், ஹெர்ண்டன், வர்ஜீனியா

நல்ல கேள்வி. பெரிய கறித்துண்டை ஊறவைக்கும்போது உண்மையில் ஆழமாக உள்ளே போவது உப்பு ஒன்றுதான். மிளகாய்த்தூளின் காரமும் மஞ்சளின் நிறமும் இஞ்சி பூண்டின் மணமும் ஓரிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. இரண்டு அங்குலக் கனம் உள்ள வான்கோழி நெஞ்சில் எவ்வளவு மசாலா அப்பினாலும் நடுவில் இருக்கும் கறிக்குச் சுவை கொடுக்கப்போவது உப்புதான். அந்த உப்புக்குப் போதிய நேரம் கொடுத்தால் அது தசைக்குள் சென்று, வேகும்போது நீர் வெளியேறுவதையும் குறைக்கும். உங்கள் நண்பர்கள் வீட்டில் விருந்தன்று காலையில்தான் உப்புத் தடவியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே முதலில் உப்பு மட்டும். உறையில் உப்புக் கரைசல் ஏற்றியதாகப் போடவில்லை என்றால், பவுண்டுக்கு மூன்று கிராம், அதாவது தூள் உப்பில் அரைத் தேக்கரண்டி என்ற கணக்கில், ஆறு பவுண்டு நெஞ்சுக்கு மூன்று தேக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். பரல் பெரிதாக இருக்கும் உப்பானால் கரண்டிக் கணக்கு பொருந்தாது. எடை போட்டுக்கொள்வதே நல்லது. தோலுக்கும் கறிக்கும் நடுவே விரல்களை நுழைத்து, தோல் கிழியாமல் மெல்லப் பிரித்து, உப்பின் பெரும்பகுதியைத் தோலுக்கு அடியில் தடவுங்கள். பிறகு மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்துவிடுங்கள். முதலில் கறி நீர் விடும்; அந்த நீரில் உப்பு கரையும்; பின்பு அந்த நீரையே கறி உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் வாளியில் முழுப் பறவையை மூழ்கவைக்கும் முறையும் உண்டு என்றாலும், சிறிய ஃப்ரிட்ஜ் உள்ள வீட்டுக்கு இந்த உலர் முறைதான் பொருந்தும். கரைசல் ஏற்றிய பறவையானால் இந்தக் கட்டத்தையே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும்.

மசாலாவைக் கொழுப்போடு சேர்த்துத் தோலுக்கு அடியில் கொடுப்பதே சரியான வழி. நூறு கிராம் வெண்ணெயை அறைச் சூட்டில் இளகவிட்டு, அதில் கரகரப்பாகப் பொடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு தேக்கரண்டி, தட்டிய பூண்டு ஆறேழு பல், துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, பொடியாக அரிந்த கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, கொஞ்சம் மஞ்சள் சேர்த்துப் பிசையுங்கள். ஓவனில் வைப்பதற்குச் சற்றுமுன் இதைத் தோலுக்கு அடியில் பரப்பிவிடுங்கள். தோலின் மேல் எண்ணெய் மட்டும் போதும். மல்லித்தூளும் பூண்டும் தோலின் மேல் இருந்தால் இரண்டு மணி நேரச் சூட்டில் கருகிக் கசந்துவிடும். தோலுக்கு அடியில் இருந்தால் வெண்ணெயோடு உருகிக் கறியில் படியும்.

தயிரைப் பொறுத்தவரை, அதன் புளிப்பு மேற்பரப்பை மட்டுமே மென்மையாக்கும், அதன் ஈரம் தோலை மொறுமொறுப்பாக விடாது. அதனால் முழு நெஞ்சுக்கு வேண்டாம். தோல் நீக்கிய தொடைத் துண்டுகளைத் தயிரும் மிளகாய்த்தூளும் போட்டு ஓர் இரவு ஊறவைத்துச் சுட்டால் மிக நன்றாக இருக்கும்.

கேள்வி: சென்ற ஆண்டு பெட்டியில் போட்டிருந்த நேரப்படியே வைத்தேன். நெஞ்சுக்கறி தேங்காய் நார்போல் ஆகிவிட்டது. எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும் என்று சரியாகச் சொல்லுங்கள்.
– வாசகர், மோரிஸ்வில், வட கரோலைனா

மணிக்கணக்கை மட்டும் நம்பியதால்தான் உங்கள் வான்கோழி அப்படி ஆனது. ஒரே எடையுள்ள இரண்டு பறவைகள் ஒரே நேரத்தில் வேகாமல் போகலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எவ்வளவு குளிர்ச்சியாக எடுத்தீர்கள், தட்டு ஆழமானதா தட்டையானதா, ஓவன் காட்டும் சூடும் உள்ளே உண்மையில் இருக்கும் சூடும் ஒன்றா என்று எத்தனையோ காரணங்கள் அதில் கலந்திருக்கின்றன. இந்த விருந்துக்கு நீங்கள் புதிதாக ஒரே ஒரு பொருள் வாங்குவதாக இருந்தால் அது கறிக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டராக இருக்கட்டும். சமைப்பவரின் கைப்பக்குவத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சமைக்கும் பொருளில் அந்தப் பக்குவம் கைக்கு வர வாய்ப்பே இல்லை.

நெஞ்சின் மிகத் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். 165 பாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை பாதுகாப்புக்கென வகுத்த அளவு அதுதான். அதைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு பாகையும் நெஞ்சுக்கறியின் சாற்றைக் குறைக்கும். தொடைக்கும் காலுக்கும் பாதுகாப்பு அளவு அதுவே என்றாலும் 175 முதல் 180 வரை விட்டால்தான் கறி எலும்பிலிருந்து நன்றாகப் பிரியும். சில பறவைகளோடு நெஞ்சில் செருகப்பட்டு வரும் பிளாஸ்டிக் குமிழை நம்ப வேண்டாம். அது மேலெழும்புவதற்குள் நெஞ்சுக்கறி பெரும்பாலும் தேவைக்கு மேல் வெந்திருக்கும். நிறத்தையும் நம்ப வேண்டாம். 165 வந்தபின்னும் எலும்பை ஒட்டிச் சற்று இளஞ்சிவப்பு தெரியலாம், அதனால் கெடுதல் இல்லை.

எப்போது பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதற்கு மட்டும் மணிக்கணக்கு உதவும். 325 பாரன்ஹீட் சூட்டில், எலும்புள்ள நெஞ்சு நான்கிலிருந்து ஆறு பவுண்டு வரை என்றால் ஒன்றரை மணி முதல் இரண்டேகால் மணி வரை ஆகும். எட்டிலிருந்து பன்னிரண்டு பவுண்டு வரையுள்ள முழுப் பறவைக்கு ஏறக்குறைய மூன்று மணி. 325க்குக் கீழே ஓவனை வைக்கக் கூடாது. குறைந்த நேரத்துக்கு அரை மணி முன்பே குத்திப் பார்க்கத் தொடங்குங்கள். 150 வந்தும் தோல் வெளிறியே இருந்தால் ஓவனை 425க்கு ஏற்றிவிடுங்கள், மீதியுள்ள நேரத்தில் நிறம் வந்துவிடும். கத்தரி போடத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு நல்ல வழி, முதுகெலும்பை வெட்டி நீக்கிப் பறவையைத் தட்டையாக விரித்து 425இல் சுடுவது. பத்துப் பவுண்டுப் பறவை ஒன்றரை மணி நேரத்துக்குள் வெந்துவிடும், கால்கள் சூட்டுக்கு நேராக இருப்பதால் நெஞ்சும் காலும் ஏறத்தாழ ஒன்றாகப் பக்குவத்துக்கு வரும்.

வெளியே எடுத்தபின் இருபது நிமிடமாவது ஆறவிடுங்கள். ஃபாயிலை மேலே தளர்வாகப் போடலாம். இறுக மூடினால் ஆவியில் தோல் நமத்துவிடும். வெட்டும்போது நெஞ்சின் ஒரு பக்கக் கறியை எலும்போடு ஒட்டி முழுதாக அறுத்து எடுத்து, பலகையில் வைத்துக் குறுக்குவாட்டில் துண்டுகள் போடுங்கள். நார் குறுகி, கறி மெத்தென்று இருக்கும்.

நம் வீடுகளில் பலருடைய ஓவன் தோசைக்கல்லும் வாணலியும் வைக்கும் அலமாரியாகவே இருக்கிறது. விருந்துக்குச் சில நாள் முன்பே அவற்றை எடுத்துவிட்டு, ஓவனைத் துடைத்து, அரை மணி நேரம் சும்மா சூடாக்கிப் பாருங்கள். பழைய எண்ணெய் புகைந்து அலாரம் அடிப்பதென்றால் அன்றைக்கே அடித்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: வயிற்றுக்குள் ஸ்டஃபிங் வைக்க வேண்டுமா?
– வாசகர், ட்ராய், மிச்சிகன்

வேண்டாம். உள்ளே வைத்த ரொட்டிக் கலவையில் பச்சைக் கறியின் சாறு ஊறும். அதன் நடுப்பகுதியும் 165 பாரன்ஹீட்டுக்கு வர வேண்டும். அது வருவதற்குள் நெஞ்சுக்கறி காய்ந்துவிடும். தனித் தட்டில் சுட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் ஒரு வெங்காயமும் பாதி எலுமிச்சையும் இரண்டு பட்டைத் துண்டும் போட்டால் போதும்.

கேள்வி: நாங்கள் அடித்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஓவன் இல்லை, இரண்டு அடுப்பும் ஒரு மின்சாரப் பிரெஷர் குக்கரும்தான். எங்களுக்கு வழி உண்டா?
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

கனடாவில் இந்த நாள் அக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்களன்றே வந்துவிடுவதால் உங்களுக்கான பதில் தாமதமாகிவிட்டது, கிறிஸ்துமஸுக்கு உதவட்டும். வழி தாராளமாக உண்டு. உங்களுக்கு உகந்தது தொடைதான். எலும்போடு கூடிய தொடைகள் மூன்று பவுண்டு வாங்கித் தோலை உரித்து, பெரிய துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூள் இந்தச் சிவந்த கறிக்கு மிகப் பொருத்தம். வெங்காயம், பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை இலை வதக்கி, கறித்தூளும் உப்பும் சேர்த்துக் கறியைப் பிரட்டி, அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டு உயர் அழுத்தத்தில் இருபத்தைந்து நிமிடம் வையுங்கள். அழுத்தம் தானாக இறங்கட்டும். பிறகு மூடியைத் திறந்து, கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு, குழம்பு வற்றும்வரை கொதிக்கவிட்டு, தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) விட்டு இறக்குங்கள். வான்கோழித் தொடை கோழியைவிட உறுதியானது. அரை மணி நேரம் அழுத்தத்தில் இருந்தாலும் கரைந்து போகாமல் நிற்கும்.

பின்னொரு நாள் ஓவனில் முழுப் பறவை வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கனடாவின் சுகாதாரத் துறை துண்டுகளுக்கு 74 செல்சியஸ் என்றும் முழுப் பறவைக்கு 82 செல்சியஸ் என்றும் தனித்தனியாகச் சொல்கிறது. நெஞ்சைத் தனியாக வாங்குவதற்கு இது இன்னொரு காரணம்.

கேள்வி: அமெரிக்காவில் உள்ள மகள் அனுப்பி இந்த இதழைப் படிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு இங்கே பண்ணையில் வான்கோழி கிடைக்கிறது. வீட்டில் சிறிய மேசை ஓவன்தான். என்ன செய்யலாம்?
– வாசகி, தாம்பரம், சென்னை

மேலே சொன்ன பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை இனத்தைத் தமிழ்நாட்டுப் பண்ணைகளில் இன்றும் வளர்க்கிறார்கள். சிறிய அடுப்புக்கென்றே மேரிலாந்தில் உருவான பறவை தாம்பரத்தில் உங்கள் கைக்குக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. பண்ணையில் இனத்தைவிட வயதைத்தான் முதலில் கேளுங்கள். ஐந்தாறு மாதத்துக்கு உட்பட்ட இளம் பறவைதான் சுடுவதற்கு ஏற்றது. முட்டையிட்டு ஓய்ந்த முதிர்ந்த பெட்டை என்றால் சுட வேண்டாம், குழம்புக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது லிட்டர் மேசை ஓவனில் முழுப் பறவையை அடைத்தால் தோல் மேல்கம்பியில் பட்டுக் கருகும், உள்ளே வேகாது. எனவே கடைக்காரரிடமே நெஞ்சை எலும்போடு ஒரு துண்டாகவும் கால்களைத் தனியாகவும் வெட்டித் தரச் சொல்லுங்கள். கண்ணெதிரே அறுத்த பறவை என்பதால் அங்கேயே சுத்தம் செய்து வாங்கி, வீட்டில் ஈரம் போக ஒற்றி, உப்புத் தடவி, ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள். நெஞ்சை 165 செல்சியஸ் சூட்டில் சுடுங்கள். உங்கள் ஓவன் செல்சியஸில் காட்டும் என்பதால் இந்த எண்ணைக் கறியின் உட்சூட்டுக்கான 165 பாரன்ஹீட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உங்கள் கணக்கில் கறியின் உட்சூடு 74 செல்சியஸ். கால்களை முதலில் குக்கரில் முக்கால் பதம் வேகவைத்து, வெண்ணெய் மசாலா தடவி, நெஞ்சு வெளியே வந்தபின் ஓவனில் இருபது நிமிடம் வைத்தால் நிறம் பிடித்துவிடும்.

கேள்வி: கிரேவியும் கிரான்பெர்ரியும் கட்டாயமா? எளிதாக ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகி, நேபர்வில், இல்லினாய்

கட்டாயம் இல்லை, ஆனால் வான்கோழிக்குப் பக்கத்தில் ஒரு புளிப்பும் ஒரு ஈரமும் இருந்தால் சாப்பிட நன்றாக இருக்கும். 12 அவுன்ஸ் கிரான்பெர்ரிப் பை ஒன்று, ஒரு கோப்பைத் தண்ணீர், ஒரு கோப்பைச் சர்க்கரை. பழங்கள் வெடிக்கும்வரை பத்து நிமிடம் கொதித்தால் போதும். பழத்திலேயே பெக்டின் இருப்பதால் ஆறியதும் தானாகக் கெட்டியாகும். கீறிய பச்சை மிளகாய் இரண்டும் கொஞ்சம் இஞ்சியும் சேர்த்தால் நம் நாவுக்கு இன்னும் நெருக்கமாகும். இதை இரண்டு நாள் முன்பே செய்து வைத்துக்கொள்ளலாம். கிரேவிக்கு, தட்டில் வழிந்த கொழுப்பில் மூன்று மேசைக்கரண்டி எடுத்து, அதே அளவு மைதாவை வறுத்து, தட்டில் உள்ள சாற்றோடு இரண்டு கோப்பை எலும்புச் சாறு விட்டுக் கொதிக்க வையுங்கள். அந்தச் சாற்றில் உப்பு ஏற்கெனவே இருக்கும். ருசி பார்த்தபின்தான் மேலும் உப்புப் போட வேண்டும்.

கேள்வி: மிச்சத்தை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? அதே கறியைத் திரும்பத் திரும்பச் சாப்பிடப் பிள்ளைகள் மறுக்கிறார்கள்.
– வாசகி, பெல்வியூ, வாஷிங்டன்

ஓவனிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் கறியை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பி ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போது மேசையிலேயே நான்கு மணி நேரம் கிடந்த கறியை, மனம் வராவிட்டாலும், எறிந்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தது மூன்று நான்கு நாள் தாங்கும், அதற்கு மேல் தேவை என்றால் ஃப்ரீசரில் வையுங்கள். திரும்பச் சூடாக்கும்போதும் 165 பாரன்ஹீட் வரவேண்டும்.

வெந்த நெஞ்சுக்கறியை மீண்டும் வேகவைத்தால் வறண்டுவிடும் என்பதால், நேரம் பிடிக்கும் சமையலில் அதைச் சேர்க்காதீர்கள். விரல் நுனியால் உதிர்த்து, கொத்துப் பரோட்டாவில் கடைசியாகப் போட்டுக் கொத்துங்கள். அல்லது சின்ன வெங்காயமும் மிளகும் தேங்காய்த் துருவலும் சேர்த்த பொரியலாக்குங்கள். கறி சூடேறினால் போதும், உடனே இறக்கிவிடலாம். கால்கறி சூட்டைத் தாங்கும். பிரியாணி செய்வதென்றால் கால்கறியை மட்டும் எடுத்து, மசாலாவில் பிரட்டி, அரிசி முக்கால் வெந்தபின் தம் போடும்போது இடையில் அடுக்குங்கள்.

எலும்புக்கூட்டை மட்டும் எறிந்துவிடாதீர்கள். அதை நாலாக உடைத்துக் குக்கரில் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீரும் ஒரு வெங்காயமும் பத்து மிளகும் சேர்த்து முக்கால் மணி நேரம் வேகவைத்து வடிகட்டினால் கெட்டியான சாறு கிடைக்கும். ஃப்ரிட்ஜில் ஓர் இரவு இருந்தால் மேலே கொழுப்பு படியும், கீழே கூழ்போல் உறையும். கொழுப்பை வழித்துவிட்டு, நசுக்கிய மிளகு, சீரகம், பூண்டு, தக்காளி, கொஞ்சம் புளி சேர்த்து நுரை கூடும்வரை கொதிக்கவிட்டு, நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். வியாழன் இரவு எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிட்டிருப்பார்கள் என்பதால், வெள்ளிக்கிழமை மதியத்துக்குச் சோறும் இந்த எலும்பு ரசமும் ஒரு சுட்ட அப்பளமும் போதும்.